அட்டிக்குக்கு ஸ்ப்ரே ஃபோம்: ஓபன் செல்லா, குளோஸ்ட் செல்லா?

அமெரிக்க வீடுகளில் கூரைக்கு நேர் கீழே இருக்கும் காலியிடம்தான் அட்டிக். அதன் கூரையின் உட்புறத்தில், இரு திரவங்களைக் கலந்து தெளிக்கும் ஃபோமை அடிக்க விலை கேட்டால், காண்ட்ராக்டர் முதலில் சொல்வது ஆர் மதிப்பைத்தான், அதாவது வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்ற அளவை. ஃபோமில் இரண்டு வகை: மென்மையான ஓபன் செல் அங்குலத்துக்குச் சுமார் 3.7, கெட்டியான குளோஸ்ட் செல் 6 முதல் 7. அந்தக் கணக்கு சரிதான். ஆனால் கூரை அழுகுவதும் தப்புவதும் ஈரத்தைப் பொறுத்தது.

ஆறிய ஓபன் செல்லை விரலால் அழுத்தினால் பஞ்சு போல அமுங்கி எழும். குளோஸ்ட் செல் நகத்துக்கும் இடம் கொடுக்காது. எடையும் நான்கு மடங்கு, கன அடிக்கு 2 பவுண்டு. போதிய கனத்தில் அடித்தால் இரண்டும் காற்றை நிறுத்தும். நீராவியை ஓபன் செல் விட்டுவிடும். மினசோட்டா குளிரில் சமையலறை, குளியலறை ஈரம் மேலேறி, ஃபோமைக் கடந்து, சில்லிட்ட கூரைப் பலகையில் தண்ணீராகப் படியும். பலகை கறுப்பது கீழிருந்து தெரியாது. அதனால்தான் அமெரிக்கக் கட்டட விதியின் தட்பவெப்ப மண்டலம் 5-இலும் அதற்கு மேலும் (எண் கூடினால் குளிர் கூடும்) ஓபன் செல்லோடு நீராவித் தடுப்புப் பூச்சையும் அந்த விதி கேட்கிறது. அங்கே தயங்காமல் குளோஸ்ட் செல் எடுங்கள். கூரையைத் தாங்கும் சாய்வு மரமான 2×6 ராஃப்டரின் உண்மையான ஆழம் 5.5 அங்குலம், அதில் ஓபன் செல் ஆர் 20-ஐத்தான் தொடும், குளோஸ்ட் செல் 35-ஐ ஒட்டி வரும்.

டெக்சஸ் போன்ற இடங்களில் ஓபன் செல் போதும், விலையும் குறைவு. ஹூஸ்டன் மாதிரி புழுக்கமான ஊரில் மட்டும் அட்டிக்குக்குள்ளும் கொஞ்சம் ஏசி காற்று போக வேண்டும். இல்லாவிட்டால் முகட்டுப் பலகையில் ஈரம் சேரும்.

குளோஸ்ட் செல்லில் பெரும்பாலான கோளாறு அவசரத்தால் வருகிறது. பொதுவாக ஒரு பூச்சுக்கு 2 அங்குலம்தான். அது ஆறிய பிறகே அடுத்தது. ஒரேயடியாக 4 அங்குலம் அடித்தால் வேதிவினைச் சூடு உள்ளேயே தங்கி நடுப்பகுதி கருகும், தீப்பிடித்ததும் உண்டு. வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள். நடுவில் பழுப்பு நிறமோ, பிசுபிசுப்போ, நொறுங்கலோ இருந்தால் சரிசெய்யாமல் விடாதீர்கள். இரு திரவமும் சமபங்காகக் கலக்காவிட்டால் மீன் நாற்றம் மாதக்கணக்கில் போகாது. ராஃப்டர் ஓரம் ஃபோம் விலகி நின்றால், சுருங்கியிருக்கிறது அல்லது ஈர மரத்தில் அடித்திருக்கிறார்கள். மர ஈரம் 19 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று மீட்டரால் குத்திக் காட்டச் சொல்லுங்கள்.

அடிக்கும்போதும், பிறகு குறைந்தது 24 மணி நேரமும் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. கூரை விளிம்பின் அடியிலுள்ள சாஃபிட் காற்றுத் துவாரங்களை அடைக்க வேண்டும், அட்டிக் தரையிலுள்ள பழைய இன்சுலேஷனை எடுத்துவிட வேண்டும். அட்டிக்கில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் இருந்தால் அது வெளிக்காற்றைக் குழாயில் இழுக்கும் வகையாக இருப்பது கட்டாயம். அடைத்த அட்டிக்கில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். சாமான் வைக்கும் இடமானால் ஃபோமின் மேல் அரை அங்குல ஜிப்சம் பலகையோ அதற்கு ஈடாகச் சோதித்த பூச்சோ வேண்டும்.

ஏசி, ஹீட்டர் காற்று செல்லும் டக்டும் ஃபர்னஸும் அட்டிக்கில் இல்லையென்றால் கூரைக்கு ஃபோமே வேண்டாம். தரையில் வயர், குழாய் ஏறும் ஓட்டைகளை மட்டும் ஃபோமால் அடைத்து, மேலே 16, 17 அங்குலம் செல்லுலோஸ், அதாவது காகித நார் இன்சுலேஷன், ஊதுங்கள். ஆர் 60 அங்கேயே கிடைக்கும்; செலவு வெகுவாகக் குறையும்.