மாவுக்கட்டா, பிளேட்டா: எலும்பு எதில் நன்றாகக் கூடும்?

முறிந்த எலும்பின் மேல் பிளேட், அதாவது ஸ்குரூவால் பொருத்தும் உலோகத் தகடு, வைத்தால் எலும்பு சீக்கிரம் கூடிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் பிளேட் எலும்பு கூடும் வேகத்தை அதிகப்படுத்துவதில்லை.

மாவுக்கட்டுக்குள் முறிவைச் சுற்றி முதலில் ரத்தம் கட்டும். 2, 3 வாரங்களில் அது குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற முடிச்சாகும், பிறகு மெல்லக் கெட்டிப்படும். மிகச் சிறிய அசைவு இந்த முடிச்சைத் தூண்டிவிடும். பிளேட்டால் இம்மியும் அசையாமல் இறுக்கினால் முடிச்சு வராது. எலும்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் நேராக ஊடுருவி ஒட்டும், அது நிதானமான வழி. ஆனால் எலும்பு நேராக நிற்கும், மூட்டைச் சீக்கிரம் அசைக்கலாம். முறிவு மூட்டுக்குள் போயிருந்தால் இந்த லாபம் மிகப் பெரிது, அங்கே பிளேட்தான் என் தேர்வு.

துண்டுகள் இடம் விலகாத மணிக்கட்டு முறிவுக்கு மாவுக்கட்டு போதும், சுமார் 6 வாரம். பெரியவர்களின் தொடையெலும்புக்கு மாவுக்கட்டு சரிவராது. எலும்பின் உள்ளே ராடு, அதாவது நீண்ட உலோகக் கம்பி, செலுத்துவதே நல்லது. முறிந்த இடத்தைத் திறக்காமலே ராடைச் செலுத்த முடிவதால் சுற்றியுள்ள ரத்த ஓட்டம் கெடாது, முடிச்சும் வரும். அப்படியும் 3 முதல் 6 மாதம் ஆகும். குழந்தைகளுக்கு எல்லாமே வேகம்.

சில எலும்புகள் கூடாமலே போவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: அசைவு மிகுதி, ரத்தம் குறைவு. எக்ஸ்ரேயில் முனைகள் தடித்து, நடுவே இடைவெளி தெரிந்தால் உயிரோட்டம் இருக்கிறது, பிடிமானம்தான் இல்லை. உறுதியாகப் பொருத்தினாலே பெரும்பாலும் கூடிவிடும். முனைகள் மெலிந்து கூர்மையாகியிருந்தால் பிளேட் மட்டும் போதாது, இடுப்பெலும்பிலிருந்து எலும்புத் துகள் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். கிருமித் தொற்று இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும்.

கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் உள்ள படகெலும்பு தனி வழக்கு. அதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்தே நுழைகிறது, எனவே முன்கைப் பக்கத் துண்டு முறிந்தால் பட்டினி கிடக்கும். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். விழுந்தபின் கட்டைவிரலுக்கு அடியில் மணிக்கட்டில் தெரியும் சிறு குழியில் வலி நீடித்தால், சுளுக்கு என்று விட்டுவிடாமல் மறுபடி படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். விலகாத முறிவென்றால் மாவுக்கட்டே போதும், பொறுமையாக 8 முதல் 12 வாரம். விலகியிருந்தாலோ முன்கைப் பக்கத் துண்டு என்றாலோ ஸ்குரூவுக்கு ஒப்புக்கொள்வதே மேல்.

எந்த வழியானாலும் புகைப்பது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். கட்டு போட்ட அன்றே சிகரெட்டை விட்டுவிடுங்கள்.