மன்னார்குடி வீட்டுக்கு மாட்டுன வைஃபை கேமரா எப்படி இருக்கு?

அம்மா அப்பா மட்டும்தான் ஊர்ல இருக்காங்க, அதனால வாசலுக்கு ஒண்ணு கொல்லைப்பக்கம் ஒண்ணுன்னு வைஃபை கேமரா மாட்டிருக்கோம். பகல்ல படம் அருமை, கொல்லைக் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கான்னு சென்னைல இருந்தே தெரியுது, யாராவது வந்து கூப்பிட்டா நானே கேமரா வழியா பேசிடுறேன், முட்டி வலியோட அப்பா எந்திரிச்சு வர வேண்டியதில்ல, அந்த நிம்மதிக்கே காசு கொடுக்கலாம்.

ராத்திரிலதான் தொல்லை. நைட் விஷன் லைட்டுக்கு பூச்சி மொய்க்குது, லென்ஸ் முன்னாடி சிலந்தி வலை கட்டிடுது, காத்துல அது ஆடுனாலே ஆள் வந்த மாதிரி அலர்ட் அடிக்குது. அடிக்கடி தொடைச்சு விடணும்.

அப்புறம் கரண்ட். 2018 கஜா புயல்ல நம்ம பக்கம் நாள் கணக்கா கரண்டே இல்ல, மறக்க முடியுமா. ரவுட்டருக்கும் கேமராவுக்கும் யூபிஎஸ், உள்ள மெமரி கார்டு, ரெண்டும் கண்டிப்பா வேணும்.

முக்கியமா பாஸ்வேர்ட். 2016ல மிராய்னு ஒரு மால்வேர் (கெடுதல் பண்ற சாஃப்ட்வேர்), கம்பெனி பாஸ்வேர்ட மாத்தாம விட்ட கேமரா, ரவுட்டரையெல்லாம் லட்சக்கணக்குல புடிச்சு வச்சு பெரிய பெரிய வெப்சைட்டையே முடக்குச்சு. மாட்ட வர்றவர் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டையே வச்சிருக்காதீங்க, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்ட் போட்ட பிறகும் இன்னொரு கோடு மாதிரி ரெண்டாவது தடவை சரிபார்க்குறது) ஆன் பண்ணுங்க, படுக்குற ரூம்ல மட்டும் மாட்டவே மாட்டாதீங்க.