பழையபேட்டைக் கடையில் கிடைத்த கிராஃபிக் நாவல்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள ஒரு சிறிய பழைய புத்தகக் கடையில், போட்டித் தேர்வு வழிகாட்டிகளுக்கும் பாடநூல்களுக்கும் நடுவே, ஆங்கிலக் காமிக்ஸுக்கென்று ஒரு தனித் தட்டு இருக்கிறது. பெங்களூரிலிருந்து மூட்டையாக வரும் புத்தகங்களைக் கடைக்காரர் தாமே பிரித்து அடுக்குகிறார்.

அங்கே 250 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது, அமெரிக்க யூதக் காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் 1978இல் வெளியிட்ட 'கடவுளுடன் ஓர் ஒப்பந்தம்' என்ற கிராஃபிக் நாவல், அதாவது படங்களால் கதை சொல்லும் இலக்கிய நூல். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஏழை யூதக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வாடகைக் குடியிருப்பின் நான்கு கதைகள் இதில் உள்ளன. முதல் கதையின் ஃப்ரிம்மெ ஹெர்ஷ், சிறுவயதில் கடவுளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒரு சிறு கல்லில் எழுதிப் பாதுகாக்கிறார். வளர்ப்பு மகளை அடக்கம் செய்துவிட்டுக் கொட்டும் மழையில் வீடு திரும்பியதும், அந்தக் கல்லைச் சன்னல் வழியே வீசி எறிகிறார். ஐஸ்னரும் தம் 16 வயது மகள் ஆலிஸை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்று அறிந்த பிறகு, அந்த மழைப் பக்கங்களை என்னால் வேகமாகப் புரட்ட முடியவில்லை. நடுகற்கள் நிறைந்த இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு, கல்லில் எழுதியது நிலைக்கும் என்ற அச்சிறுவனின் நம்பிக்கை அந்நியமாகத் தோன்றாது.

அதே தட்டில் சூப்பர்மேன், கேப்டன் அமெரிக்கா மறுபதிப்புகளும் இருந்தன. அமெரிக்காவில் விளம்பர நிறுவனங்களிலும் பெரிய பத்திரிகைகளிலும் யூத இளைஞர்களுக்கு எளிதில் வேலை கிடைக்காத காலத்தில், மதிப்பற்றதாகக் கருதப்பட்ட காமிக்ஸ் தொழில்தான் அவர்களை ஏற்றுக்கொண்டது. 1938இல் வெளிவந்த சூப்பர்மேனின் உரிமையை, அதைப் படைத்த யூத இளைஞர்கள் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் வெறும் 130 டாலருக்கு விற்றார்கள். கேப்டன் அமெரிக்காவைப் படைத்த ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் அதன் 1941 மார்ச் இதழின் அட்டையில், அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, ஹிட்லரின் முகத்தில் குத்து விழச் செய்தார்கள். சிவகாசிக் காமிக்ஸ் படித்து வளர்ந்த நமக்கு நாயகர்களைத் தெரியும். அவர்களைப் படைத்தவர்களின் பின்னணி பெரும்பாலும் தெரியாது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' இரண்டாம் பாகம், அட்டையில் எலிகள் இருப்பதாலோ என்னவோ, குழந்தைகள் புத்தகக் குவியலில் கிடந்தது. தம் தந்தை நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பட்ட துயரத்தை மகன் கேட்டு வரைந்த, 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்ற நூல் அது. எட்டு வயதுக் குழந்தையின் கையில் போகக்கூடாது. கடைக்காரரிடம் விளக்கியதும் உடனே எடுத்து மேல்தட்டில் வைத்தார். முதல் பாகம் வந்தால் எனக்காக எடுத்து வைக்கும்படி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.