சர்ஃப் பலகையைக் கொண்டுபோவதா, வாடகைக்கு எடுப்பதா, வாங்கி விற்பதா: மத்திய அமெரிக்கக் கரையோரம் 9 வாரம்

குவாத்தமாலாவில் இறங்குவது, கோஸ்டா ரிகாவில் விமானம் ஏறுவது, நடுவில் உள்ள தூரம் முழுக்க பஸ்ஸிலும் வேனிலும் போவது. பசிபிக் கரையை விட்டு விலகாமல், அலை நன்றாக இருக்கிற ஊரில் தங்கித் தங்கிப் போக வேண்டும் என்பதுதான் திட்டம். பாதையும் விசாவும் பருவமும் ஒரு வாரத்தில் முடிவாகிவிட்டன. ஒரு மாதம் இழுத்தடித்தது ஒரே கேள்விதான்: அலைச்சறுக்குக்கான சர்ஃப் பலகையை என்ன செய்வது?

பருவம் எளிது. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை தென்கோளத்துப் புயல்கள் அனுப்பும் பெரிய அலைகள் வரும். மே மாதம் மழை சேர்ந்துகொள்ளும். நாங்கள் மார்ச் நடுவில் தொடங்கி மே நடுவில் முடித்தோம். நாட்கணக்கில் மட்டும் கவனம் வேண்டும். நாங்கள் போனபோது, சி.ஏ.-4 என்ற எல்லை ஒப்பந்தப்படி குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா நான்குக்கும் சேர்த்தே 90 நாள். நாட்டுக்கு நாடு புதிதாக எண்ண முடியவில்லை. ஹோண்டுராஸின் பசிபிக் கரை ஃபொன்சேகா வளைகுடாவுக்குள் ஒடுங்கிவிடுகிறது. திறந்த கடல் அலை அங்கே வருவதில்லை என்பதால் ஒரே நாளில் கடந்துவிட்டோம்.

இனி பலகை. சொந்தப் பலகையைக் கொண்டுபோவது, போகிற இடத்திலெல்லாம் வாடகைக்கு எடுப்பது, அங்கேயே பழையது ஒன்றை வாங்கிக் கடைசியில் விற்றுவிடுவது என்று மூன்று வழிகள். நான் மூன்றாவதைத் தேர்ந்தேன். கூட வந்த நண்பன் கடைசிவரை வாடகைதான். அதனால் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

சொந்தப் பலகை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரே ஊரில் போய்த் தங்குவதாக இருந்தால் அதுதான் சிறந்தது. பழகின பலகைக்கு ஈடு கிடையாது. ஆனால் தரைவழிப் பயணத்தில் அது போகிற விமானத்துக்கும் வருகிற விமானத்துக்கும் கட்டணம் கேட்கும், நீளத்துக்கு வரம்பு இருக்கும். முந்தைய பயணம் ஒன்றில் என் பலகையின் வால் பக்கம் விமான நிலையத்திலேயே விரிசல் விட்டுவிட்டது. முதல் மூன்று நாள் கடலைப் பார்த்துக்கொண்டு, ஒட்டுப்போட்ட ரெசின் (இறுகிப்போகும் பிசின்) காயக் காத்திருந்தேன். மறுபடியும் அதற்கு மனம் வரவில்லை.

வாடகைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. அலைக்கு ஏற்ற பலகையை அன்றன்றைக்கு எடுக்கலாம். எல் சால்வடோரின் சுன்சாலில் நீளமாக, நிதானமாக வலப்பக்கம் உருண்டு போகும் அலை. நண்பன் 9 அடிப் பலகை எடுத்து அங்கே சுகமாகச் சறுக்கினான். நான் என் 7 அடியோடு அதே அலையைப் பிடிக்க இரண்டு மடங்கு கையால் துழாவ வேண்டியிருந்தது. குவாத்தமாலாவின் எல் பரேதோன், எல் சால்வடோரின் எல் துன்கோ, நிகராகுவாவின் சான் ஹுவான் தெல் சுர் எங்கேயும் வாடகைப் பலகைக்குப் பஞ்சமில்லை. பஸ் ஏறும்போது முதுகுப் பையோடு கையை வீசிக்கொண்டு ஏறலாம்.

ஆனால் வாடகைக் கடை திறக்கும் நேரம் ஒன்று இருக்கிறதே, அங்கேதான் இடிக்கும். எல் சால்வடோர் கரையில் நல்ல அலை விடிகாலையில்தான். 5.30 மணிக்குக் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒன்பது, பத்து மணிக்குக் கடல்காற்று எழுந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். நாங்கள் பார்த்த கடைகள் திறந்தது 7, 8 மணிக்கு. முந்தின நாளே எடுத்து அறையில் வைத்துக்கொண்டால் இரண்டு நாள் வாடகை. நிகராகுவாவில் இந்தச் சிக்கல் குறைவு. நிகராகுவா ஏரியின் பக்கமிருந்து வரும் காற்று பெரும்பாலும் நாள் முழுக்கக் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. பொபோயோவில் பிற்பகல் 3 மணிக்கும் அலை முகம் சுத்தமாக நின்றதைப் பார்த்தோம். இன்னொன்று, வாடகைக்குக் கிடைப்பதில் பாதி மென்பலகை, அதாவது கற்றுக்கொள்கிறவர்களுக்கான மெத்தென்ற பலகை. எல் சால்வடோரில் லா லிபெர்தாதின் புந்தா ரோகா போன்ற உருண்டைக்கல் படுகையில் வேகமாக ஓடும் அலைக்கு அது சரிப்படாது.

சரி, வாங்கி விற்பது. இதில் லாபமா நஷ்டமா என்பதை முடிவு செய்வது வாங்கும் விலை இல்லை, கடைசியில் எவ்வளவுக்குக் கைமாறும் என்பதுதான். அதனால் வாங்கும்போதே அடுத்து வாங்கப்போகிறவரை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும். கோஸ்டா ரிகாவின் தமரிந்தோ மாதிரி ஊர்களில் பழைய பலகை தேடுகிறவர்கள் யார்? பெரும்பாலும் இரண்டு வாரம் பயிற்சி முடித்து, மென்பலகையை விட்டு இறங்க ஆசைப்படுகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது 7 முதல் 7 அரை அடி. ஆறடிக் குட்டைப் பலகையில் ஏறக்கூடியவர் தன்னுடையதைக் கொண்டுவந்துவிடுகிறார். எல் துன்கோவில் நான் வாங்கியது 7 அடி 2 அங்குலம், 240 டாலர். எல் சால்வடோரில் 2001 முதலே அமெரிக்க டாலர்தான் நாணயம் என்பதால் பேரம் பேசும்போது மனக்கணக்குத் தொல்லையில்லை.

பார்த்து வாங்க வேண்டியவை சில. கட்டைவிரலால் மேல்பரப்பை அங்கங்கே அழுத்துங்கள். கொப்புளம் மாதிரி உள்ளே போய் வந்தால் மேல்தோல் உள்ளே இருக்கும் நுரையை விட்டுப் பிரிந்திருக்கிறது, வேண்டாம். குறுக்கே மயிரிழைபோல ஒரு கோடு பலகையின் இருபுறமும் தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் முறியும். அடியில் ஃபின் (துடுப்பு மாதிரித் தகடு) செருகும் பெட்டியைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பலகை மஞ்சளாகியிருப்பது வெயில் பட்ட அடையாளம் மட்டும். அதைக் காட்டி விலை குறைக்கலாம், பயப்பட வேண்டியதில்லை. அளவுக்கு மீறிக் கனத்தால் தண்ணீர் குடித்திருக்கிறது.

பலகை எபாக்ஸி ரெசினால் ஆனதா, பாலியூரிதேன் நுரையால் ஆனதா என்ற கேள்வியில் நான் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன். எபாக்ஸிப் பலகை இலகுவானது, உறுதியானது. ஆனால் அதன் உள்ளே இருக்கும் பாலிஸ்டைரீன் நுரையைச் சாதாரண பாலியஸ்டர் ரெசின் கரைத்துவிடும். அதற்கென்ற ரெசினைத் தேடி அலைய வேண்டும். பாலியூரிதேன் பலகையை எந்தச் சின்ன ஊரிலும் ஒட்டிக்கொள்ளலாம். எல் சால்வடோரின் லாஸ் ஃப்ளோரெஸில் என் பலகையின் ஓரம் கல்லில் பட்டு நகக்கண் அளவு பெயர்ந்தது. இரண்டு நாள் நிழலில் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வெயிலில் இறுகும் ரெசினை நிழலிலேயே தடவி, அப்புறம் வெயிலுக்கு நகர்த்தினேன். சில நிமிடத்தில் கல்லாகிவிட்டது. அதைச் செய்யாமல் தண்ணீரில் இறங்கியிருந்தால் உள்ளே உப்புநீர் போய், விற்கும்போது 50 டாலராவது குறைந்திருக்கும்.

பஸ்தான் உண்மையான சோதனை. அமெரிக்காவில் பள்ளிப் பேருந்தாக ஓடி ஓய்ந்து, இங்கே வண்ணம் பூசிக்கொண்டு ஓடுகிற வண்டிகள் அவை. பலகை கூரைக்குத்தான் போகும். ஃபின்களைக் கழற்றிவிடுங்கள், மற்ற மூட்டையெல்லாம் ஏறினபிறகு கடைசியாக மேலே வைக்கச் சொல்லுங்கள், உறைமேல் ஒரு வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கட்டுங்கள். கூரை வெயிலில், கால் வழுக்காமல் இருக்கப் பலகைமேல் பூசும் மெழுகு உருகுவது மட்டுமில்லை, பலகையின் மேல்தோலே பிரிந்துவிடும். பயணிகள் வேன்களில் பலகைக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். நிகராகுவாவிலிருந்து கோஸ்டா ரிகாவுக்குள் நுழையும் பென்யாஸ் பிளாங்காஸில், பையும் பலகையுமாக ஒரு சாவடியிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் நண்பனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

விற்பனைக்கு விமானத்துக்கு 8 நாள் முன்பே தொடங்கினேன். பத்து நிமிடம் வெயிலில் வைத்து, மெழுகை முழுக்கச் சுரண்டித் துடைத்து, ஒட்டுப்போட்ட இடத்தையும் சேர்த்துப் படம் எடுத்துத் தங்குவிடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். முதலில் வந்தவர் 150 சொன்னார். நாள் இருந்ததால் காத்திருக்க முடிந்தது. ஆறாம் நாள் பயிற்சி முடித்த ஒரு பெண் வந்து, ஒட்டின இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, 190 கொடுத்தார். அதே வாரம், மறுநாள் விமானம் என்ற அவசரத்தில் ஒருவர் நல்ல நிலையில் இருந்த 6 அடி 4 அங்குலப் பலகையை 60-க்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

கணக்கு இதுதான். பலகை 240, புது லீஷ் (பலகையைக் காலோடு கட்டும் கயிறு) 25, வேன் கட்டணம் 55, ரெசினும் உப்புத்தாளும் 15, விற்றபின் கடைசி இரண்டு நாள் வாடகை 30. மொத்தம் 365, விற்று வந்தது 190. நிகரச் செலவு 175. நண்பனுக்கு வாரக் கழிவெல்லாம் போக வாடகை 430, கீறலுக்கு அபராதம் 40. நான் தண்ணீரில் இருந்த நாள் 41, அவன் 34.

இந்தக் கணக்கை நான் வடக்கிலிருந்து தெற்காக ஒருமுறைதான் போட்டிருக்கிறேன். எல்லாமே விலை கூடின கோஸ்டா ரிகாவில் விற்றது எனக்குச் சாதகமாக இருந்திருக்கலாம்; தெற்கிலிருந்து வடக்கே போனால் இதே விலை வரும் என்று நம்பிச் சொல்ல மாட்டேன். பயணம் மூன்று வாரத்துக்குள் என்றால் வாடகைக்கே போங்கள், விற்பதற்கு அலைகிற நாட்கள் மிச்சம். இப்போதுதான் எழுந்து நிற்கப் பழகுகிறவர்களும் முதல் பத்து நாள் வாடகை மென்பலகையில் கழித்துவிட்டு, தனக்கு என்ன நீளம் பொருந்துகிறது என்று தெரிந்தபின் வாங்கலாம்.

விற்ற மறுநாள் விடியலில் அந்தப் பெண் தமரிந்தோவில் நான்கு அலையைத் தவறவிட்டு, ஐந்தாவதில் எழுந்து நின்றார். பலகையின் ஓரத்தில் நான் ஒட்டின இடம் வெள்ளையாகத் தெரிந்தது.