குழாய்த் தண்ணீரில் ஓட்டிக் காட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்

சிங்கப்பூரில் வீட்டில் பவளத் தொட்டி (உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொட்டி, சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி), அங்கிருந்து தண்ணீரை மேலே தள்ளும் பம்ப், ஸ்கிம்மர் (குமிழி விட்டு அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) எல்லாம் பொருத்தித் தருவதாகச் சொல்லி 2,400 வெள்ளி வாங்கிய ஒரு கடை, எப்படிக் கைகழுவியது என்பதுதான் விஷயம். பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அது முடியும்வரை பெயர் வேண்டாம்.

பொருத்த வந்தவர்கள் குழாய்த் தண்ணீரை நிரப்பி ஓட்டிக் காட்டினார்கள். ஒரு குமிழிகூட இல்லை. ‘திருப்தி’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். உப்பைக் கரைத்து ஓட்டியதும் சோடாவைத் திறந்து ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. பின்பக்கக் கண்ணாடியே தெரியவில்லை. நல்ல தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மேலே வந்து உடைந்துவிடும். உப்புநீரில் அவை எளிதில் சேர்வதில்லை, பொடிப்பொடியாகவே சுற்றிவரும். கடல்மீன் வியாபாரம் செய்பவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை.

தொலைபேசியில் கேட்டபோது, “புது ஸ்கிம்மர் அப்படித்தான், சில வாரங்களில் அடங்கிவிடும்” என்றார் கடைக்காரர். புது ஸ்கிம்மர் தொடக்கத்தில் குமிழி கக்குவது உண்மைதான். ஆனால் அதை நிறுத்திவைத்துப் பார்த்தாலும் குமிழி குறையவில்லையே! அதைச் சொன்னதும் பேச்சு மாறியது: குமிழி நல்லதாம், ஆக்சிஜனாம். அப்புறம் 90 வெள்ளிக்குப் பஞ்சும் வடிகட்டிப் பையும் விற்றார்கள். பஞ்சு அடைத்துக்கொண்டது, சம்பில் பம்ப் இருக்கும் தடுப்பறையில் நீர்மட்டம் இறங்கி, பம்ப் சுழல் போட்டுக் காற்றையே உறிஞ்சத் தொடங்கியது. காசு கொடுத்துக் குமிழியைக் கூட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில் அளவுகோலை எடுத்து நானே சம்பை அளந்தேன். தொட்டியிலிருந்து விழும் தண்ணீரோடு வரும் குமிழியைத் தடுக்கச் சம்பில் வைத்த கண்ணாடித் தடுப்புகளுக்கு இடையே 2 செ.மீ. இடைவெளி, சம்பின் அகலம் 30 செ.மீ. மேலே ஏற்றுவதில் குறைவது போக மணிக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர் தள்ளுகிற பம்ப். கணக்குப் போட்டால் அந்தச் சந்தில் தண்ணீர் நொடிக்கு 18 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. அரை மில்லிமீட்டர் குமிழி மேலே ஏறுவதோ நொடிக்குச் சுமார் 5 செ.மீ.தான். பிறகு எங்கே அது தப்பி மேலே வருவது? நேராகப் பம்புக்குள் போய்த் தொட்டிக்கு வந்துவிடும்.

என் தொட்டி 300 லிட்டர். அதற்கு இவ்வளவு பெரிய பம்ப் எதற்கு என்றால், “பவளத்துக்கு நீரோட்டம் வேண்டுமே” என்கிறார்கள். வேண்டும்தான், ஆனால் அதைக் கொடுக்க வேண்டியது தொட்டிக்குள் வைக்கும் வேவ்மேக்கர் என்ற நீரோட்டம் உண்டாக்கும் சிறு கருவி. சம்ப் வழியாக மணிக்குத் தொட்டி அளவைப்போல் 4 அல்லது 5 மடங்கு போய்வந்தால் போதும். பெரிய பம்புக்கு விலை கூடுதல், அவ்வளவுதான் அதன் ரகசியம். அதன் வாய்க்கு நேரே இருந்த யூஃபிலியா பவளத்தின் சதை, தன் ஓட்டின் விளிம்பிலேயே உரசிக் கிழிந்து செத்தது.

வேறொருவரைக் கூப்பிட்டு, தடுப்புகளை 5 செ.மீ. இடைவெளியில் மாற்றி ஒட்டி, சிறிய பம்பும் ஒரு வேவ்மேக்கரும் போட்டேன். சிலிகான் காய்ந்து தண்ணீர் விட்ட அன்றே தொட்டி தெளிந்துவிட்டது.

பழைய கடையின் பதில்: “நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்களே.”

ஆகவே வாங்கப்போகிறவர்கள் உப்புநீரில், ஸ்கிம்மர் நின்ற நிலையில், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தடுப்பு இடைவெளியையும் பம்பின் அளவையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை, 20,000 வெள்ளி வரை கோரலாம், 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அளவுகோலைச் சம்பில் வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பைப் பிரித்த பிறகு நிரூபிக்க வழியிருக்காது.