350 சிசி வண்டியோடு அஞ்சு வருஷம்: புளியரையிலிருந்து வால்பாறை வரை

கம்பெனி பேரைக் கேட்காதீர்கள், பாதிக்கு மேல் குறைதான் சொல்லப்போகிறேன். 350 சிசி பைக், ஒற்றை சிலிண்டர், பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு 2020 கடைசியில் எடுத்தது, எடை 190 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மீட்டரில் 58,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அதில் பாதி பாளையங்கோட்டையில் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஓடியது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மீதி மலை.

நாங்கள் ஐந்து வண்டி. மூத்தவருக்கு 52 வயது. இளையவன் என் தங்கச்சி மகன், 125 சிசி வைத்திருக்கிறான். கூட்டமாகப் போகும்போது நம் வண்டி எவ்வளவு வேகம் போகும் என்பதை யாரும் கேட்பதில்லை. எங்கே நம்மால் மற்றவர்கள் நிற்க வேண்டிவந்தது என்பதைத்தான் வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

முதலில் நல்லது. ஆனி, ஆடியில் ஆலங்குளம் தாண்டி மேற்கே போனவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். காற்றாலை சுற்றுகிற காற்று. லாரியை ஒட்டிப் போகிறவரைக்கும் ஒன்றும் தெரியாது. தாண்டி வெளியே வந்ததும் பக்கவாட்டில் ஒரு தள்ளு. மருமகன் வண்டி அரை ரோட்டுக்கு நகர்ந்துபோகும். என் வண்டி லேசாக அசைந்து கொடுக்கும், அவ்வளவுதான். செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல் ஏறி தென்மலையில் பதிமூணு கண் பாலத்தைப் பார்த்துவிட்டு (1904-இல் திறந்த கொல்லம் ரயில் பாதையில் உள்ளது), மத்தியானம் பிரானூர் பார்டரில் புரோட்டாவுக்குத் திரும்புவது எங்களுக்கு மாசம் ஒருமுறை வழக்கம். சாரல் சீசனில் அந்த ரோட்டில் இந்த வண்டியின் எடையை எத்தனையோ தடவை மனசுக்குள் வாழ்த்தியிருக்கிறேன்.

அதே எடையைத் திட்டியதும் அதே ரோட்டில்தான். புளியரை ஏற்றத்தில் கேரளாவுக்குப் போகிற லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டினால் நடை வேகம், பாதி கிளட்ச், இடது உள்ளங்கை மரத்துப்போகும். ரோட்டோரச் சரிவில் சைடு ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினால் திரும்ப நிமிர்த்த இன்னொரு ஆள் வேண்டும். உயரம் குறைந்தவர்கள் வாங்குவதற்கு முன்னால் ஷோரூமில் தரையில் ஓட்டிப் பார்க்காமல், ஒரு சரிவில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.

ஆரம்பத்தில் பெரிய வண்டிகள் முன்னால் போய் டீக்கடையில் காத்திருப்போம். மருமகன் எங்களைப் பிடிக்கவேண்டும் என்று முறுக்கிக்கொண்டு வருவான். ஆரியங்காவுக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் அவன் மண்ணில் இறங்கி நின்றதைப் பார்த்தபிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. இப்போது அவன்தான் இரண்டாவது வண்டி, அவன் வேகம்தான் எல்லோருக்கும். நான் கடைசி. இந்த வண்டி 60, 70-இல் மூன்றாவது, நான்காவது கியரிலேயே சிரமமில்லாமல் இழுக்கும் என்பதால் பின்னால் வருவது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. 95-க்கு மேல் போனால் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்றே தெரியாது, அப்படி ஒரு நடுக்கம். ஒரு தடவை நம்பர் பிளேட் போல்ட் கழன்றே விழுந்துவிட்டது.

பெரிய பயணம் போன வருஷம். நெல்லையிலிருந்து ராஜபாளையம், தேனி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி மூணாறு. அடுத்த நாள் மறையூர், சின்னார் வழியாக உடுமலை. பிறகு ஆழியாறு, வால்பாறை. போடிமெட்டில் வண்டி சும்மா ஏறியது. பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி, மேலே ஒரு பை. அப்படியும் மூச்சு வாங்கவில்லை. ஏற்றத்தில் இதற்கு முழு மார்க்.

மறையூர் தாண்டி பின் டயர் பஞ்சர். ஸ்போக் வீல், உள்ளே டியூப். மற்றவர்கள் வண்டியெல்லாம் டியூப்லெஸ். ஓட்டையில் ரப்பரைச் சொருகி, காற்றடித்து, பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம். எனக்குச் சக்கரத்தைக் கழற்றி, செயினை இறக்கி, டயரை நெம்பி எடுத்து மூன்று மணி நேரம். மூத்தவர் பாறைமேல் உட்கார்ந்துகொண்டு, "ஸ்போக்குலதான் ஒரு கெத்து இருக்குன்னு சொன்னியேடே, இப்பம் கெத்து எங்க இருக்கு?" என்று கேட்டார். ஊருக்கு வந்த வாரமே டியூப்லெஸ் டயர் மாட்டுகிற அலாய் வீல் போட்டுவிட்டேன்.

அதைவிடப் பயந்தது வால்பாறை இறக்கத்தில். ஆழியாற்றிலிருந்து ஏறும்போது எண் கூடிக்கொண்டே போகும், 40 வளைவு. இறங்கும்போது குறைந்துகொண்டே வரும். நான் மூன்றாவது கியரில் விட்டுவிட்டு பின் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். 20-ஆவது வளைவை நெருங்கும்போது தீய்ந்த வாசனை, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஏபிஎஸ் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். சூட்டில் கொதித்த பிரேக் ஆயிலுக்கு அதனால் ஒன்றும் செய்யமுடியாது. ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட்டு, இரண்டாவது கியரில் எஞ்சினைப் பிடிக்கவிட்டு 9-ஆவது வளைவுக்கு வந்து நின்றோம். கீழே ஆழியாறு அணை, தடுப்புச் சுவரில் இரண்டு வரையாடு. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். நான் டிஸ்க்கைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேலப்பாளையம் மெக்கானிக் ஆயிலை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினார். காப்பித் தண்ணி நிறம். "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க மாத்தணும் அண்ணாச்சி. தண்ணி இழுத்துக்கிடும், அப்புறம் சீக்கிரம் கொதிக்கும். மழைக்குள்ளயே ஓட்டுதீங்க வேற." சர்வீஸ் சென்டரில் மூன்று தடவை பில்லில் "பிரேக் செக்" என்று போட்டுக் காசு வாங்கியிருந்தார்கள். அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

மற்றபடி மலையில் மைலேஜ் 30, நாலுவழிச் சாலையில் 80-இல் போனால் 37. சீட் 150 கிலோமீட்டருக்குமேல் தண்டனை. டவுனில் ஒரு சீட் கவர் கடையில் உள்ளே பஞ்சு மாற்றியபிறகு பரவாயில்லை. சாரலில் ஓட்டிவிட்டு வந்த அன்றே செயினைத் துடைத்து ஆயில் விடாவிட்டால் மறுநாள் காலையில் துரு.

விற்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. மருமகன் அதற்குள் வந்து நிற்கிறான். "வித்தா எனக்குத்தான் மாமா, வெளிய குடுத்துராதீங்க." விலையைச் சொன்னேன். செயின் செட்டை மாற்றித் தந்தால் யோசிக்கிறேன் என்கிறான்.