ஈட்டியா, துப்பாக்கியா: நம்ம கடலுக்கு எது சரி?

மூச்சடக்கி முங்கி மீன் குத்த ஆசைப்படும் கீழக்கரைப் பையன்கள் என்னிடம் வந்ததும் கேட்பது, "எந்தத் துப்பாக்கி வாங்கலாம் காக்கா (அண்ணா)?" என்றுதான். தண்ணீருக்குள் கம்பியைப் பாய்ச்சி மீன் குத்தும் துப்பாக்கியைச் சொல்கிறார்கள். ஈட்டி, துப்பாக்கி இரண்டையும் வருஷக்கணக்கில் கையில் பிடித்தவன் நான். முதலில் ஈட்டி வாங்கு என்பேன். காரணம் சொல்ல ஆரம்பித்தால் ஆயுதத்தைவிடக் கடலைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டிவரும்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வடகடல். ஆழம் குறைவு, அடியில் சேறும், தாழை என்கிற கடற்புல்லும். மண்டபத்துக்குத் தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் தென்கடல். பாரும் (கடலடிப் பாறைத்திட்டு) பவளமும் உள்ள மன்னார் வளைகுடா. வாடைக் காலத்தில், அதாவது வடகிழக்குப் பருவத்தில், வடகடல் குமுறும், தென்கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது அப்படியே மாறிவிடும். ஆக, வருஷத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு பக்கம் கலக்குத் தண்ணீர்தான்.

துப்பாக்கியின் பலமே தூரம். ரப்பரை இழுத்து மாட்டி, விசையைத் தட்டினால் கம்பி இரண்டு மூன்று மீட்டர் பாய்ந்துபோய்க் குத்தும். தெளிந்த தண்ணீரில், வேகமாகக் கடந்துபோகும் பாறை மீனுக்கும் சீலா மீனுக்கும் இதை மிஞ்ச வேறொன்று இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பாகம், அதாவது ஆறடி, தாண்டிக் கண் தெரியாத தண்ணீரில் அந்தத் தூரத்தை வைத்து என்ன செய்ய? மீனுக்கு அப்பால் இருப்பது பாரா, கூட வந்தவனின் காலா என்று தெரியாமல் விசையைத் தட்டக் கூடாது.

இன்னொன்று, முகக்கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது மீன் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், இருக்கும் இடத்தைவிடக் கிட்டத்திலும் தெரியும். பழகாத கை துப்பாக்கியோடு ஏமாறுவது இங்கேதான். காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கியும் உண்டு. நம் மணலும் உப்பும் அதன் உள்வளையங்களைச் சீக்கிரம் தின்றுவிடும் என்பதால் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஈட்டி எளிய சாமான். நீளக் கழி, பின்னால் ரப்பர் வளையம். வளையத்தைக் கட்டைவிரல் இடுக்கில் மாட்டி, கழியை முன்னே எட்டிப் பிடித்து முறுக்கேற்றி, பிடியைத் தளர்த்தினால் பாயும். ரப்பர் அறுந்தால் கரையிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஓரா, கணவாய் போன்றவற்றுக்கு மூன்று முள் முனை, பெரிய மீனுக்கு மடங்கும் கொக்கி வைத்த ஒற்றை முனை. எட்டும் தூரம் குறைவுதான். அதனாலேயே மீனின் கண் உருள்வது தெரியும் அளவுக்குக் கிட்டே போயாக வேண்டும். அங்கிருந்து தலைக்குப் பின்னால் குத்தலாம், வயிற்றில் படாது.

வயிற்றில் பட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு களவா மீன் எனக்குக் காட்டியது. துப்பாக்கி வாங்கிய முதல் வருஷம். எட்டுக் கிலோ இருக்கும். பாரின் விளிம்பில் நின்றதைத் தூரத்திலிருந்து அடித்தேன், கம்பி வயிற்றில் ஏறியது. மீன் பொந்துக்குள் பாய்ந்து, செவுளை விரித்து இறுக்கிக்கொண்டது. ஆறு தடவை முங்கினேன். கயிறு பாரில் உரசி நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது. ஏழாவது தடவை, கூட வந்த சங்குக்குளி காக்கா, துடுப்பாக அலுமினியத் தட்டுக் கட்டிய காலை இரண்டு உதை உதைத்து இறங்கி, வாலிலிருந்து தள்ளி வெளியே எடுத்தார். மேலே வந்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தம்பி, கிட்டப் போயி குத்தக் கத்துக்க."

அன்று ராத்திரி உம்மா வைத்த ஆணத்தில் (குழம்பில்) ஒரு வாய் வைத்ததும், "பித்து உடைஞ்சிருக்குடா" என்றார். மொத்தச் சட்டியும் கசப்பு. அவ்வளவு பெரிய உயிரை எடுத்து, அதை வாயில் வைக்க முடியாமல் செய்தது இன்றுவரை எனக்கு உறுத்தல்.

அதற்கு நேரெதிர், ஈட்டியில் எடுத்த ஒரு விளமீன். தாழை ஓரம் அசையாமல் கிடந்தேன். அதுவே என்னைப் பார்க்க வந்தது. ஒன்றரைக் கிலோதான். ஒரே குத்து, துடிப்பே இல்லை. தண்ணீரிலேயே செவுளை அறுத்து ரத்தத்தை வடித்து, கரைக்கு வந்ததும் ஐஸ் கலந்த கடல்நீரில் போட்டேன். மஞ்சளும் முண்டு மிளகாயும் உப்பும் மட்டும் தடவிப் பொரித்தோம், சதை வெள்ளையாக ஏடு ஏடாகப் பிரிந்தது.

ஓரா எடுத்தால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதுகிலும் அடியிலும் இருக்கும் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கையை வை, கடுப்பு குறையும். அடுத்தது, பாசி தின்னும் மீன் என்பதால் குடலை உடனே எடுக்காவிட்டால் நாற்றம் சதையில் இறங்கிவிடும். சுத்தமாக எடுத்த ஓராவுக்குப் புளியும் தேங்காயும் அரைத்த ஆணம்தான் பொருத்தம். களவாத் தலை கிடைத்தால் தேங்காய்ப்பால் சொதி. கிளிமீனை நான் குத்துவதில்லை, பவளத்தின் மேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்று பவளத்தைக் காக்கும் மீன் அது.

எது வாங்கினாலும் தீவுப் பக்கம் கொண்டுபோகாதே. தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் தேசியப் பூங்கா ஆனவை; எல்லை எது என்று மண்டபம் வனத்துறையில் கேட்டுவிட்டு இறங்கு. முங்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்குகிற பழக்கம் வேண்டாம், தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும். ஒருவர் கீழே போனால் இன்னொருவர் மேலே நின்று பார்க்க வேண்டும்.

ஒரு வருஷம் ஈட்டியோடு இரு. தலைப்பக்கத்தைத் தவிர வேறெங்கும் படாமல் குத்த வந்துவிட்டால், தென்கடல் தெளிந்திருக்கும் நாளாகப் பார்த்து என் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போ. 75 சென்டிமீட்டர், ஒற்றை ரப்பர். பாறை மீன் ஓடும் இடம் நானே காட்டுகிறேன்.